வெள்ளி என்றால் எந்த வெள்ளி?

தீபாவளிக்கு மூன்று வாரம் இருந்தது. ஆரி வேலைப்பாட்டுக்கு ரவிக்கை கொடுத்திருந்த ஒரு தங்கை புலனத்தில் குரல் பதிவு அனுப்பினாள். "அக்கா, யோசிச்சுப் பாத்தேன். வெள்ளியே போதும்."

எனக்கு ஒரே மகிழ்ச்சி. வியாழக்கிழமைக்குள் முடித்துத் தருகிறேன் என்று சொல்லியிருந்தேன். வெள்ளிக்கிழமை போதும் என்கிறாளே, ஒரு நாள் கூடுதலாகக் கிடைத்ததே என்று நிம்மதியாக உட்கார்ந்து தங்க ஜரிகையில் கழுத்து வேலையை முடித்தேன். வெள்ளி மாலை வந்தாள். பையைப் பிரித்ததும் முகம் மாறிவிட்டது.

"அக்கா, வெள்ளின்னு சொன்னேனே?"

"ஆமாம்மா, இன்னிக்கு வெள்ளிதானே?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அப்புறம்தான் புரிந்தது. அவள் கேட்டது வெள்ளி ஜரிகை. தங்கமா வெள்ளியா என்று முந்தைய வாரம் குழம்பிக்கொண்டிருந்தது அவளுக்கு நினைவிருந்தது, எனக்கு இல்லை. நம் நாட்டில் கிழமையும் வெள்ளி, உலோகமும் வெள்ளி, கையில் வாங்கும் காசும் வெள்ளி. அந்த ஒரு சொல்லால் எனக்கு இரண்டு இரவுத் தூக்கமும் புது ஜரிகைக்கு 65 வெள்ளியும் போயின.

அவள் நல்ல பிள்ளை, சிரித்துவிட்டுப் போனாள். எல்லாரும் அப்படிச் சிரித்துவிட்டுப் போவதில்லை. வீட்டிலிருந்து கைவினைத் தொழில் செய்யும் என் போன்றவர்களுக்கு ஊசி பிடிப்பதைவிடத் தொலைபேசி பிடிப்பதுதான் கடினம் என்று நான் கற்றுக்கொண்ட கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

இரண்டு கையும் சட்டத்தில்

கிள்ளானில் ஒரு சரக்கு அனுப்பும் நிறுவனத்தில் எட்டு ஆண்டுகள் குமாஸ்தாவாக இருந்தேன். 2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. சில மாதங்களில் ஆட்குறைப்பில் என் வேலையும் போனது. வார இறுதி வகுப்பில் பொழுதுபோக்காகக் கற்ற ஆரி வேலைதான் அப்போது கைகொடுத்தது. சாப்பாட்டு மேசையை ஓரமாகத் தள்ளிவிட்டு, மரச் சட்டத்தை நிறுத்தி, முதல் ரவிக்கையை அண்ணிக்குப் போட்டுக் கொடுத்தேன். அவர் ஒரு கல்யாணத்துக்கு அதைக் கட்டிக்கொண்டு போனார். அடுத்த வாரமே நான்கு பேர் அழைத்தார்கள்.

ஆரி வேலையைப் பார்த்திராதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். துணியைச் சட்டத்தில் முறுக்காக இழுத்துக் கட்ட வேண்டும். துளையிட்ட தாளைத் துணிமேல் வைத்து, வெள்ளைப் பொடிக் கலவையைத் தேய்த்துப் படத்தை இறக்க வேண்டும். பிறகு வலது கை மேலே கொக்கி ஊசியைப் பிடிக்கும். இடது கை துணிக்கு அடியில் நூலைக் கொடுக்கும். ஊசி கீழே போய் நூலை மாட்டி மேலே இழுத்துவர, சங்கிலி போல ஒரு கண்ணிக்குள் அடுத்த கண்ணி விழும். கடைசிக் கண்ணியைப் பூட்டாமல் எழுந்துவிட்டால், நூல் எதிலாவது பட்டு இழுபட்டவுடன் போட்ட கொடி முழுவதும் சரசரவென்று உருவிக்கொண்டு வந்துவிடும்.

அந்த நேரம் பார்த்துத்தான் தொலைபேசி அடிக்கும்.

ஒரு நாள் எண்ணிப் பார்த்தேன். 13 அழைப்புகள், 41 செய்திகள். அந்த 13 அழைப்புகளில் 9 பேர் கேட்டது ஒரே கேள்விதான்: "அக்கா, பிளவுஸ் ரெடியா?" ஒவ்வொரு முறையும் எழுந்து, பேசி, மறுபடி உட்கார்ந்து, விட்ட கண்ணியைத் தேடிப் பிடிக்க வேண்டும். ஒரு நாளில் முடியவேண்டிய கை வேலை இரண்டு நாளானது.

இதில் வேடிக்கை என்னவென்றால், பழைய நிறுவனத்தில் ஓர் அழைப்பு வந்தால் யார், எத்தனை மணிக்கு, என்ன விஷயம் என்று தாளில் குறிக்காமல் நான் பேசியதே இல்லை. மின்னஞ்சலுக்கு அன்றே பதில் போய்விடும். சொந்தத் தொழில் என்றதும் அந்தப் பழக்கமெல்லாம் பறந்துவிட்டது. எல்லாரும் தெரிந்தவர்கள்தானே, வேலை நன்றாக இருந்தால் போதாதா என்று நினைத்துவிட்டேன்.

"சரிங்க ஆன்ட்டி"

அந்த நினைப்பு 2023 ஆகஸ்டில் உடைந்தது.

சிரம்பானிலிருந்து ஒரு குடும்பம். மகளுக்குப் பரிசம் 27ஆம் தேதி. ரவிக்கைக்கு 250 வெள்ளி முன்பணம் கட்டியிருந்தார்கள். மாதத் தொடக்கத்தில் ஒரு நாள் காலை, நான் வேறொரு பெண்ணின் கைப்பகுதியில் மாங்காய்க் கொடி ஓட்டிக்கொண்டிருந்தபோது அந்த அம்மா அழைத்தார். காதுக்கும் தோளுக்கும் நடுவில் தொலைபேசியை இடுக்கிக்கொண்டு பேசினேன்.

"பரிசத்த ஒரு வாரம் முன்னாடி வெச்சுட்டாங்கம்மா. 27க்குப் பதிலா 20. முடியுமா?"

"சரிங்க ஆன்ட்டி, பாத்துக்கறேன்."

தொலைபேசியை வைக்கும் அவசரத்தில் கை நழுவி, ஒரு சாண் கொடி உருவிக்கொண்டு வந்துவிட்டது. அடுத்த ஒரு மணி நேரம் என் மனம் முழுக்க அந்தக் கொடியில்தான் இருந்தது. 20ஆம் தேதி என்பது என் தலையிலும் இல்லை, தாளிலும் இல்லை.

18ஆம் தேதி வெள்ளிக்கிழமை மாலை செய்தி வந்தது: 'நாளைக்கு வந்து எடுத்துக்கலாமாம்மா?' சட்டத்தில் அந்த ரவிக்கையின் முதுகு பாதிதான் முடிந்திருந்தது. முன் கழுத்தைத் தொடவே இல்லை. இரவு முழுக்க உட்கார்ந்தாலும் ஆகாத வேலை. அழைத்துச் சொன்னேன். அவர் திட்டவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்:

"காசு பெரிசில்லம்மா. நீங்க சரின்னு சொன்னீங்க. முடியாதுன்னு அன்னிக்கே சொல்லியிருந்தா வேற ஆள் பாத்திருப்போம்."

அந்தப் பெண் கடையில் வாங்கிய ரவிக்கையோடு பரிசத்தில் உட்கார்ந்தாள். முன்பணத்தை அன்றிரவே திருப்பிவிட்டேன். ரவிக்கையை முழுதாக முடித்து, காசு வாங்காமல் அஞ்சலில் அனுப்பினேன். 'நன்றி' என்று ஒரு சொல் பதிலாக வந்தது. அந்த வீட்டிலிருந்து இதுவரை மறு ஆர்டர் வரவில்லை. வரும் என்று எதிர்பார்க்கவும் எனக்கு முகமில்லை.

அம்மாவின் 555 நோட்டு

அம்மா தோட்டத்தில் இருந்த காலத்திலேயே தையல் வேலை செய்தவர். நடந்ததைக் கேட்டுவிட்டு உள்ளே போய்ப் பழைய பிஸ்கட் டின் ஒன்றை எடுத்துவந்தார். உள்ளே ஏழெட்டு 555 நோட்டுகள். மளிகைக் கடையில் கடன் எழுதுவார்களே, அதே சட்டைப்பை நோட்டு. ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு பெயர், அளவு, கொடுக்கவேண்டிய நாள். மேலே ஒரு விரல் அகலத்துக்கு அந்தத் துணியின் துண்டு, குண்டூசியால் குத்தி வைத்தது. சாயம் போன ஒரு துண்டைத் தடவிக்கொண்டே சொன்னார்:

"காதுல வாங்கினது காத்தோட போயிரும். நோட்டுல இருந்தா நிக்கும்."

அன்றே பெரிய நோட்டு ஒன்று வாங்கினேன். ஓர் ஆர்டருக்கு ஒரு பக்கம். பெயரும் எண்ணும். விசேஷ நாள், தேதியும் கிழமையும் சேர்த்து. நான் கொடுக்கும் நாள், விசேஷத்துக்கு மூன்று நாள் முன்னதாக. ஜரிகை 'தங்க நிறமா, வெள்ளி நிறமா' என்று முழுதாக. விலை, முன்பணம், மீதி. கடைசியில் 'மாற்றங்கள்' என்று காலியாக ஓர் இடம்.

எழுதி முடித்ததும் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து வாடிக்கையாளருக்கே அனுப்பிவிடுகிறேன். 'தவறு இருந்தால் சொல்லுங்கள். எல்லாம் பொருந்தினால் சரி என்று எழுதுங்கள்' என்று ஒரு வரி. முன்பு 'சரி' சொன்னது நான். இப்போது அந்தச் சொல் அவர்களிடமிருந்து எழுத்தில் வருகிறது. அது வந்த பிறகுதான் துணி சட்டத்தில் ஏறும்.

அப்படியிருந்தும் தீபாவளிக்கு முன் அந்த வெள்ளிக் குழப்பம் எப்படி வந்தது என்று கேட்பீர்கள். ஜரிகை முடிவாகவில்லை என்று அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டிருந்தேன். 'பிறகு சொல்கிறேன்' என்ற பக்கத்தை இப்போது நான் படம் எடுத்து அனுப்புவதே இல்லை. கட்டம் நிறைந்தால்தான் பக்கம் முடிந்ததாகக் கணக்கு.

திருப்பிச் சொல்லும் அண்ணன்

கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவில் மாலை கட்டும் ஓர் அண்ணனிடமிருந்து இன்னொரு பாடம் கற்றேன். அவருடைய ஆர்டர்களில் பெரும்பாலானவை தொலைபேசியில்தான். கை நாரிலும் பூவிலும் இருப்பதால் தொலைபேசியை ஒலிபெருக்கியில் போட்டுவிடுவார். எதிரே சுவரில் ஒரு வெள்ளைப் பலகை.

"சொல்லுங்க" என்று கேட்டு எழுதுவார். பிறகு, "திருப்பிச் சொல்றேன், கேட்டுக்குங்க. ரெண்டு கல்யாண மாலை, ஒரு சாமி மாலை. இந்த மாசம் 14, சனிக்கிழம, காலைல ஆறு மணி. ராத்திரி இல்ல, காலைல. சரிங்களா?"

'வர்ற வெள்ளி', 'அடுத்த வெள்ளி' என்று யாராவது சொன்னால் ஏற்கவே மாட்டார். புதன்கிழமை பேசும் ஒருவருக்கு 'வர்ற வெள்ளி' என்பது நாளை மறுநாள். இன்னொருவருக்கு அதுவே அடுத்த வாரம். தேதியைச் சொல்ல வைத்துவிடுவார்.

"ஒங்க பிளவுஸ மறுநாளு பிரிச்சுத் தைக்கலாம். என் பூவு மறுநாளைக்கு நிக்காதும்மா" என்றார். பிழைக்கு இரண்டாவது வாய்ப்பு இல்லாத தொழில். அதனால்தான் அந்தக் கவனம்.

பதில் வரும் நேரம்

கோம்பாக்கில் பட்டுநூல் வளையல் செய்யும் தோழி ஒருத்தி பகலில் அலுவலக வேலைக்குப் போகிறவள். அலுவலக நேரத்தில் வாடிக்கையாளரோடு பேச முடியாது. ஆரம்பத்தில் கழிவறைக்குப் போய் ஒளிந்து பதில் அனுப்புவாளாம். இப்போது மதிய உணவு வேளை, இரவு 8 முதல் 10 என்று இரண்டே நேரம். "ஆளுங்க கோவிச்சுப் போயிருவாங்கன்னு பயந்தேன். போகல. எப்ப பதில் வரும்னு தெரிஞ்சா காத்திருக்காங்க" என்றாள்.

அவள் சொல்லித்தான் வாட்ஸ்அப் பிசினஸ் என்ற இலவசச் செயலிக்கு மாறினேன். தொழில் எண் தனி, குடும்ப எண் தனி. நாம் இல்லாத நேரத்தில் தானாகப் போகும் செய்தியை அதில் எழுதி வைக்கலாம். அடிக்கடி கேட்கும் கேள்விகளுக்கான பதிலைச் சேமித்துவைத்து ஒரே தட்டலில் அனுப்பலாம். புது ஆர்டர், பணம் பாக்கி, முடிந்தது என்று ஒவ்வோர் உரையாடலுக்கும் வண்ண அடையாளம் ஒட்டலாம். என் செய்தி இப்படிப் போகும்:

'வணக்கம். இப்போது கை சட்டத்தில் இருக்கிறது. மதியம் 1 மணிக்கும் இரவு 8 மணிக்கும் பதில் எழுதுவேன். தேதி மாற்றம் என்றால் தேதியையும் கிழமையையும் எழுதி அனுப்புங்கள்.'

'ரெடியா?' அழைப்புகள் குறைந்தது வேறொரு காரணத்தால். வேலை நடக்கும்போதே இரண்டு படங்கள் அனுப்பத் தொடங்கினேன். படம் இறக்கியதும் ஒன்று, பாதி முடிந்ததும் ஒன்று. நம்மிடமிருந்து சத்தமே இல்லாதபோதுதான் அவர்களுக்குப் பயம் வருகிறது. பயம் வந்தால் அழைக்கத்தானே செய்வார்கள்? ஆனால், மணப்பெண்ணின் அளவும் படமும் அவர்கள் வீட்டுப் பொருள். முகநூலில் போடுவதென்றால் கேட்டுவிட்டுத்தான் போடுகிறேன்.

மின்னஞ்சலின் மரியாதை

தனிநபர்கள் புலனத்தில் வருவார்கள். நிறுவனங்கள் மின்னஞ்சலில்தான் வரும். இது தெரியாமல் ஓர் ஆண்டு பெரிய ஆர்டரை விட்டேன். ஷா ஆலத்தில் ஒரு நிறுவனம் தீபாவளி அன்பளிப்புக்கு 80 பூவேலைச் சுருக்குப் பைகள் கேட்டு மலாயில் எழுதியிருந்தது. அந்த மின்னஞ்சல் குப்பைப் பெட்டியில் ஒன்பது நாள் கிடந்தது. நான் பார்த்தபோது அவர்கள் வேறிடத்தில் கொடுத்துவிட்டார்கள்.

இருந்தாலும் பதில் எழுதினேன். தாமதத்துக்கு மன்னிப்பு, அவர்கள் கேட்டிருந்த ஐந்து கேள்விகளுக்கும் அதே வரிசையில் எண் போட்டு ஐந்து பதில்கள், அடுத்த ஆண்டுக்கு வாய்ப்பு இருந்தால் மகிழ்ச்சி என்று ஒரு வரி. மறு ஆண்டு ஆகஸ்டிலேயே அவர்களிடமிருந்து கடிதம் வந்துவிட்டது.

நிறுவனத்துக்கு 'ஒண்ணு 18 வெள்ளி, செய்யலாம்' என்று எழுதினால் போதாது. ஒரு பையின் விலை, எண்ணிக்கை, மொத்தம், ஒப்படைக்கும் தேதி, முன்பணம் எவ்வளவு, இந்த விலை எத்தனை நாளுக்குச் செல்லும் என்று எல்லாம் ஒரே தாளில் இருக்க வேண்டும். மேலே தொழில் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். அதைக் கேட்காத நிறுவனத்தை நான் இன்னும் பார்க்கவில்லை. நம் பெண்கள் பலர் இந்தப் பதிவைக் கண்டு பயப்படுகிறார்கள். மலேசிய நிறுவன ஆணையமான எஸ்எஸ்எம்மில் சொந்தப் பெயரில் பதிந்தால் ஆண்டுக்கு 30 வெள்ளி, தொழிலுக்குத் தனிப் பெயர் வைத்தால் 60 வெள்ளி. தொழில் தொடங்கிய 30 நாளுக்குள் பதிய வேண்டும் என்பது சட்டமும்கூட.

இப்போது காலையில் விளக்கேற்றியதும், ஊசியைத் தொடும் முன், மின்னஞ்சலைப் பார்த்துவிடுகிறேன். குப்பைப் பெட்டியையும் சேர்த்துத்தான்.

வருகிற எல்லாமே ஆர்டரும் இல்லை. பணம் கட்டிவிட்டதாக வரும் ரசீதுப் படம் பணமாகாது. வங்கிக் கணக்கைத் திறந்து பார்த்தபிறகே பொருள் வெளியே போகும். 'கல்யாணப் பத்திரிகை' என்ற பெயரில் ஏபிகே கோப்பு வந்தால் தொடவே கூடாது. ஏமாந்துவிட்டோம் என்று தெரிந்த கணமே வங்கிக்கோ 997 என்ற தேசிய மோசடித் தடுப்பு எண்ணுக்கோ அழைக்க வேண்டும்.

கோபம் வந்தால் குரல்

எல்லாவற்றையும் எழுத்தில் வைக்கிறேன் என்றேன். ஒன்றை மட்டும் எழுத்தில் தொடங்குவதில்லை, வருத்தத்தை. கைத்துளை இறுக்கம், கல் உதிர்ந்துவிட்டது என்று கோபமாகச் செய்தி வந்தால் நான் திரும்பச் செய்தி அனுப்புவதில்லை. சட்டத்தை விட்டு எழுந்து போய் அழைக்கிறேன். எழுத்தில் படித்தால் முறைப்பாகத் தெரியும் ஆள், பேசினால் பாதி நேரம் அழும் நிலையில் இருப்பார். நாளைக்குக் கல்யாணம் என்ற பதற்றம் அது. முதலில் முழுக்கக் கேட்கிறேன். என் தப்பு என்றால் தப்பு என்கிறேன். பிறகு பேசி முடித்ததை இரண்டு வரியில் எழுதி அனுப்புகிறேன்: 'கைத்துளையை அரை அங்குலம் விடுகிறேன். வியாழன் 10ஆம் தேதி காலை தருகிறேன். கட்டணம் இல்லை.'

'முடியாது' என்று சொல்லவும் பழகிக்கொண்டேன். தீபாவளிக்கு ஆறு வாரம் முன்பே ஆர்டரை மூடிவிடுவேன். அதற்குப் பிறகு வருபவர்களுக்கு, "இப்ப எடுத்தா நல்லா செய்ய முடியாதும்மா" என்று சொல்லி, அதே வேலை செய்யும் இன்னொரு சகோதரியின் எண்ணை அவரிடம் கேட்டுக்கொண்டு கொடுக்கிறேன். அந்தச் சிரம்பான் அம்மா கேட்டது அதைத்தானே!

வாடிக்கையாளர்களாக இருக்கும் வாசகர்களிடமும் ஒரு வேண்டுகோள். இரவு 11 மணிக்கு 'அக்கா, தூங்கிட்டீங்களா?' என்று கேட்கும்போது எதிர்முனையிலும் ஒரு குடும்பம் இருப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். பேரம் பேசுங்கள், தப்பில்லை. ஆனால் வேலை தொடங்கும் முன் பேசுங்கள். தேதி மாறினால் எழுதி அனுப்புங்கள். வேலை பிடித்திருந்தால் அதையும் சொல்லுங்கள். 'எல்லாரும் கேட்டாங்கக்கா' என்று ஒரு வரி வந்தால் அந்த வாரம் முழுக்க முதுகு வலி தெரிவதில்லை.

என் நோட்டில் 2023 ஆகஸ்டுக்கு என்று ஒரு பக்கம் ஒதுக்கி வைத்திருக்கிறேன். அதில் ஒன்றுமே எழுதவில்லை. மேலே அம்மா செய்வதுபோல் ஒரு துண்டுத் துணி மட்டும் குத்தியிருக்கிறது, அந்த ரவிக்கையில் மிஞ்சிய பச்சைப் பட்டு.

இதை எழுதும் இடைவெளியில் சட்டத்திலும் வேலை நடக்கிறது. இதோ, தொலைபேசி அடிக்கிறது. அவசரமில்லை. கடைசிக் கண்ணியைப் பூட்டிவிட்டு எழுந்து போகிறேன்.

"வணக்கம். ஒரு நிமிஷங்க, நோட்ட எடுத்துக்கறேன். ம்ம், சொல்லுங்க."